மூப்பின் பெயர்கள்: கொங்கு நாட்டு வழக்கில் வயதும் ஸ்தானமும்

ஒரு மனிதனுடைய பிராயத்தைக் குறிக்க உலகத்து மொழிகள் இரண்டு வழிகளைக் கைக்கொண்டிருக்கின்றன. பிறந்த நாள் முதல் சென்ற ஆண்டுகளை எண்ணிச் சொல்வது ஒன்று. வீட்டிலும் ஊரிலும் அவனுக்கு வாய்த்திருக்கும் ஸ்தானத்தைச் சுட்டிச் சொல்வது மற்றொன்று. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு எந்த மொழியும் வாழ்ந்ததில்லையாயினும், எதற்கு முதன்மை தருகிறது என்பதில் மொழிக்கு மொழி வேற்றுமை உண்டு. ஆங்கிலம் பேசுவோர் 'ஓல்டு' என்ற ஒரே சொல்லைத் தொட்டிலில் கிடக்கும் சிசுவின் மாதக் கணக்குக்கும், இடிந்து நிற்கும் கோட்டைக்கும், பல் போன பாட்டனாருக்கும் ஒருங்கே வழங்குகிறார்கள். தமிழில் வீடு பழையது, மனிதர் முதியவர், மாடு கிழடு. 'பழைய மனிதர்' என்றால் முன்னமே பழக்கமானவர் என்று பொருள்படுமே தவிர வயது சென்றவர் என்று பொருள்படாது. வாழ்நாளின் இரு முனைகளுக்கும் ஆங்கிலம் அண்மைக் காலத்தில் ஆக்கிக்கொண்ட பெயர்களும் எண்ணைச் சார்ந்தவையே. 13 முதல் 19 வரையுள்ள எண்களின் ஈற்றசையிலிருந்து பிறந்த 'டீனேஜர்' 1940-களில்தான் பரவலாயிற்று. அமெரிக்காவில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 65 வயதைக் கோடாக வரைந்த காலத்தை ஒட்டியே 'சீனியர் சிட்டிசன்' என்ற தொடரும் புழக்கத்துக்கு வந்தது. அந்தத் தொடர் கடல் கடந்து வந்து நம்முடைய வங்கிச் சன்னல்களிலும் இரயில் நிலையங்களிலும் குடியேறிவிட்ட இக்காலத்தில், அது வருவதற்கு முன் நம் மக்கள் மூப்பை எவ்வாறு பெயரிட்டு வாழ்ந்தார்கள் என்பதைக் கொங்கு நாட்டு வழக்கைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கொங்கு என்று இங்கே சொல்வது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த சில தாலுக்காக்களையும். இந்த நாட்டுப் பேச்சு இலக்கியத்தில் ஏறிய காலம் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் வெளிவந்த 1942-ஐ ஒட்டியது. அதன் சொற்கள் அகராதியாகத் திரண்டது 2000-இல் பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை வெளியிட்டபோது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் குடும்பம், நிலம், தொழில் ஆகிய மூன்றும் உருமாறியபடியால், வயதைச் சொல்லும் முறையும் உடன் மாறிற்று.

கொங்குக்குள் நுழையுமுன் பொதுத் தமிழின் பழைய கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். தொல்காப்பியத்தின் மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தொகுத்து, எது எந்த உயிர்க்கு உரியது என்று வகுக்கிறது. ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் பிள்ளை, கன்று முதலிய பெயர்களைத் தருகிறது. பொள்ளாச்சித் தோப்பில் இன்றும் தென்னையை நடுகிறவர் 'தென்னம்பிள்ளை' என்றும், வாழையை நடுகிறவர் 'வாழைக்கன்று' என்றும் வேறுபடுத்திச் சொல்வது அந்த மரபின் நேர்த்தொடர்ச்சியாகும். இளமைப் பெயரை அடுத்து ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் சொல்லிச் செல்லும் அவ்வியல், முதுமைப் பெயர் என்று ஒரு வரிசையை வகுக்கவில்லை. நாம் இன்று மூதாட்டிக்கு வழங்கும் 'பாட்டி' என்ற சொல்லும் அங்கே பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாற் பெயராகவே இடம்பெறுகிறது.

பிற்காலத்துப் பாட்டியல் நூல்கள் மனிதப் பருவங்களுக்கு எண் கொடுக்க முற்பட்டன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற எழுவரும் ஐந்து வயதில் தொடங்கி நாற்பதில் முடிகிறார்கள். நூலுக்கு நூல் கணக்குச் சிறிது வேறுபட்டாலும் முடியும் இடம் அதுவே. ஆடவர்க்குப் பன்னிரு பாட்டியல் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று படிப்படியாக ஏறி, முப்பதைக் கடந்தவனை 'முதுமகன்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. முப்பதில் ஒருவன் முதுமகனாவதும் நாற்பதுக்கு மேல் ஒருத்திக்குப் பெயரே இல்லாமற் போவதும் இன்று நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அவ்வரிசைகள் உலாவில் தலைவனைக் கண்டு மயங்கும் மகளிரை வகுத்துக்கொள்ளப் புலவர்கள் செய்த ஏற்பாடுகள். மக்கள் வாழ்க்கையைக் கணக்கெடுத்து எழுதியவை அல்ல என்பதை மறக்கலாகாது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் இத்தன்மையனவே. ஆக, எண்ணால் வகுத்த பெயர்கள் ஏட்டிலே நின்றன. வீட்டிலும் வயலிலும் வழங்கிய பெயர்கள் வேறு வழியில் வந்தன.

அவ்வழியில் முதலில் ஆராயத்தக்கது 'கிழவன்' என்ற சொல். இன்று ஒருவரை நேரில் 'கிழவரே' என்று விளித்தால் சண்டைக்கு வருவார். பழந்தமிழிலோ கிழமை என்றால் உரிமை, கிழவன் என்றால் உரிமையுடைய தலைவன், கிழத்தி என்றால் அவனுக்கு நிகரான தலைவி. அகப்பொருள் இலக்கணத்தில் காதலிக்கும் இளைஞனே கிழவன் எனப்படுகிறான். ஊர்ப்பெயரோடு கிழார் என்ற சொல்லைச் சேர்த்துப் புலவர்களும் வேளாண் தலைவர்களும் பெயர் பூண்டார்கள். அந்தப் பொருளின் எச்சம் இன்னும் அடியோடு அழிந்துவிடவில்லை. காங்கேயத்திலோ தாராபுரத்திலோ பெருநிலம் படைத்த ஒருவர் காலமானால் செய்தித்தாள் அவரை 'நிலக்கிழார்' என்றே எழுதுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமநாதபுரத்து அரசேறி நெடுங்காலம் ஆண்ட இரகுநாத சேதுபதியைக் 'கிழவன் சேதுபதி' என்று நாடு போற்றியபோது, உரிமையும் முதுமையும் ஒரே சொல்லுக்குள் இணங்கி வாழ்ந்தன.

இந்த இணக்கம் எப்போது குலைந்தது என்று நாள் குறிக்க முடியாது. எங்கே குலைந்தது என்பதை மாட்டுச் சந்தையில் நின்று பார்த்தால் ஒருவாறு ஊகிக்கலாம். கொங்கு நாட்டார் மாட்டின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்வது அரிது. காளையாயின் வாயைத் திறந்து கீழ்த்தாடையைப் பார்க்கிறார்கள். பால்பல் விழாதிருந்தால் 'பல்லுப் போடாதது'; நிலைத்த பல் எழுந்த கணக்குப்படி 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு', 'ஆறு பல்லு'; எட்டும் நிறைந்துவிட்டால் அதற்குமேல் பல்லை வைத்து வயது சொல்ல முடியாது, தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பசுவாயின் கன்று ஈன்ற முறைகளே கணக்கு: தலையீத்து, இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து. காங்கேயம் இனத்துக் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதால், அந்த நிறமே கன்றின் பிராயத்துக்கு ஓர் அடையாளம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகருக்கு இவையெல்லாம் வயதைச் சொல்லுவதைக் காட்டிலும் இன்னும் எத்தனை போகம் உழும், இன்னும் எத்தனை ஈத்துக் கறக்கும் என்பதைச் சொல்லுகின்றன. அந்தக் கணக்குத் தீர்ந்த மாடே கிழட்டு மாடு. பொள்ளாச்சிச் சந்தையில் அது 'அடிமாடு' என்று பெயர் மாறிக் கேரளத்து லாரியில் ஏறுகிறது. உரிமையைக் குறித்த ஒரு சொல், உழைப்பின் மிச்சத்தைக் கொண்டு உயிரை மதிப்பிடும் சந்தையில் புழங்கத் தொடங்கியபின், அங்கே பெற்ற இழிவுடனேயே வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மனிதர் மேல் 'கிழம்' என்ற சொல் ஏறும்போது அதில் தொனிக்கும் வெறுப்பு அந்தச் சந்தையின் வாடையே.

வீடு தன் சொற்களை வேறாகக் காத்துக்கொண்டது. கொங்கு நாட்டுக் குடும்பத்தில் முதியவர் என்று பொதுவாக ஒருவர் இல்லை. ஒவ்வொருவரும் இன்னாருக்கு இன்னார். தந்தையைப் பெற்றவர் அப்பாரு, அவர் மனைவி அப்பத்தா அல்லது ஆத்தா. தாயைப் பெற்றவர் அப்புச்சி, அவர் மனைவி அம்முச்சி அல்லது அமுச்சி. சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் ஒலி வேறுபடினும், தந்தை வழியையும் தாய் வழியையும் பிரித்துக் காட்டும் நுட்பம் பொதுவானது. நகரத்துப் பிள்ளை இருவரையும் 'தாத்தா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. கிராமத்துப் பிள்ளையோ 'அப்புச்சி' என்று சொன்ன மாத்திரத்தில், அவர் எந்த வீட்டுக்காரர், அவரிடம் எவ்வளவு செல்லம் கொஞ்சலாம், விசேஷத்துக்கு எந்தப் பக்கத்துச் சீரோடு வருவார் என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். பதினெட்டு வயதில் மணமாகி, பத்தொன்பதில் மகளைப் பெற்று, அம்மகளையும் அவ்வாறே கட்டிக்கொடுத்த ஒருத்தி, நாற்பது நிறையுமுன் அம்முச்சி ஆகிவிடுவாள். பாட்டியல் கணக்கில் அவள் இன்னும் பேரிளம்பெண்; அரசாங்கக் கணக்கில் முதியவளாக இன்னும் இருபதாண்டு இருக்கிறது; வீட்டுக் கணக்கிலோ அவள் ஒரு தலைமுறையின் மேல்படியில் ஏறி அமர்ந்துவிட்டாள். 'பேரன் பேத்தி எடுத்தாச்சு' என்று சொல்லுகிறவர் தம் வயதைத்தான் சொல்லுகிறார். அதைக் கேட்டவர் எத்தனை ஆண்டு என்று மேலும் வினவுவதில்லை.

முதியோர் இளையோரை விளிக்கும் சொற்களையும் கவனிக்க வேண்டும். 'அம்மிணி', 'அப்புனு', 'கண்ணு', 'சாமி' என்பன கொங்கு நாட்டுப் பெரியவர்கள் சிறுவர்க்கு வழங்கும் விளிகள். தம்மினும் ஐம்பது ஆண்டு இளைய பெண்குழந்தையைப் பாட்டி 'வா அம்மிணி' என்று அழைக்கும்போது, வயதில் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு ஒரு கௌரவத்தை இறக்கிக் கொடுக்கிறார். இந்நாட்டுப் பேச்சின் 'ங்க' என்ற மரியாதை விகுதி கீழிருந்து மேலே செல்வது. இந்த விளிகள் மேலிருந்து கீழே வருவன. இரண்டும் சேர்ந்தே இங்கே மூப்பென்பது ஒரு பரிமாற்றமாயிருக்கிறது.

ஆண்டுக் கணக்கு தர முடியாத மூப்பைச் சடங்கு தருவதும் உண்டு. பெண் பூப்பெய்தியதைத் 'திரட்டி' என்ற சீரால் ஊரறியச் செய்தார்கள். 'வயசுக்கு வந்துட்டா' என்று சொன்னார்கள். வயதுக்கு வருதல் என்ற தொடர் பெண்ணுக்கே உரியதாய் நிற்பதும், ஆணுக்கு 'தலையெடுத்தான்' என்று சம்பாத்தியத்தைச் சுட்டும் சொல் வழங்குவதும், இருபாலாரையும் சமூகம் எதைக்கொண்டு அளந்தது என்பதைக் காட்டும். கொங்கு வேளாளரிடையே மணமாகி மக்களைப் பெற்ற பெண்ணுக்கு எழுதிங்கள் சீர் என்றொரு சடங்கு நடைபெறும். அது முடிந்தவள் எழுதிங்கள்காரி என்ற பெயரோடு பிற மங்கலச் சடங்குகளில் முன்நின்று செய்யும் தகுதியை அடைகிறாள். அச்சமூகத்துத் திருமணங்களை நடத்தி வைக்கும் அருமைக்காரரும் அவ்வாறே சடங்கால் ஆக்கப்பட்ட பெரியவர். மக்கட்பேறு பெற்ற இல்லறத்தார் ஒருவரை முறைப்படி அருமை ஏற்றி அந்த ஸ்தானத்தில் அமர்த்துவார்கள். அவரைவிட மூத்தவர்கள் பந்தலில் பலர் இருப்பார்கள்; ஆயினும் அந்த நேரத்துக்கு அவரே பெரியவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் கோவையை ஒட்டியுள்ள அட்டப்பாடி இருளர் ஊர்களின் தலைவரை 'மூப்பன்' என்று சொல்லுவதும் இவ்வகையைச் சேர்ந்தது. மூப்பு அங்கே பதவியின் பெயர்.

இவ்வளவு சொன்னதால் கொங்கு மக்கள் காலத்தை எண்ணவே இல்லை என்று கருதிவிடலாகாது. எண்ணினார்கள், எண்ணின் இடத்தில் ஊரறிந்த ஒரு சம்பவத்தை வைத்து எண்ணினார்கள். 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி, அதற்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று ஒரு தலைமுறையையே பிரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கோயம்புத்தூரைப் பலமுறை தாக்கிய பிளேக் நோய், பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் எழும் அளவுக்கு மக்கள் மனத்தில் பதிந்தபடியால், அதுவும் ஒரு கணக்கானது. அதன்பின் சிறுவாணித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது, 1950-களின் நடுவில் கீழ்பவானி அணை முடிந்து வாய்க்காலில் நீர் ஓடியது என்று நல்ல சம்பவங்களும் கணக்கில் சேர்ந்தன. 'டேம் கட்டறப்ப நான் கைக்கொழந்தை' என்று ஒருவர் சொன்னால், அவர் வயதோடு அவர் பிறந்த நாட்டின் சரித்திரமும் ஒரு வரியில் வந்துவிடுகிறது.

தமிழ் வருஷங்களின் அறுபதாண்டுச் சுழற்சி இந்தக் கணக்குக்கு அடித்தளமாயிருந்தது. தாது 1876-இல் பிறந்து, 1936-இல் மீண்டும் வந்தது, 1996-இல் மறுபடியும் வந்தது. வருஷத்தின் பெயரை மட்டும் சொன்னால் அறுபது வயது வரையில் ஐயமில்லை. அதற்கு மேல் அதே பெயரில் இரண்டு ஆண்டுகள் ஒரே ஆயுளுக்குள் வந்துவிடுகின்றன. பிறந்த வருஷமே திரும்பி வரும் அந்தக் கட்டத்தில் சஷ்டியப்தபூர்த்தி செய்து, மனைவிக்கு மீண்டும் தாலி கட்டச்செய்து, வாழ்க்கையை இரண்டாம் சுற்றாகத் தொடங்கி வைத்தார்கள் முன்னோர். எண்பதில் வரும் சதாபிஷேகம் ஆயிரம் பிறை கண்டவருக்கு உரியது. பிறைக்குப் பிறை ஏறத்தாழ 29½ நாள் என்று கொண்டால் ஆயிரம் பிறைக்கு எண்பது ஆண்டும் அதற்கு மேல் சில திங்களும் ஆகின்றன. கணக்குச் சரியாகவே இருக்கிறது. அரசாங்கம் ஓய்வுக்குக் குறித்த அறுபதும் சடங்கு குறித்த அறுபதும் ஒரே எண்ணானாலும், முன்னது ஒரு கதவைச் சாத்துகிறது, பின்னது ஒரு கதவைத் திறக்கிறது.

ஆண்டுகள் எண்ணப்படாமற் போவதில்லை என்ற உணர்ச்சிக்குக் கொங்கு நாட்டிலேயே ஒரு புராண சாட்சியம் உண்டு. திருப்புக்கொளியூர் என்ற அவிநாசியில், ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் இறங்க, ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் பல சென்றபின் அவ்வழியே வந்த சுந்தரர், ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டு, நிகழ்ந்ததை விசாரித்தறிந்து பதிகம் பாட, முதலை அப்பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்ந்தது. பெரியபுராணம் சொல்லும் இவ்வரலாற்றில் ஊன்றிப் பார்க்கத்தக்கது, பிள்ளை விழுங்கப்பட்ட பிராயத்தில் வராமல், இடையே கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்பதே. போன உயிரைத் தருவதோடு அற்புதம் நிறைவு பெறவில்லை. தோழனோடு ஒத்த ஸ்தானத்தை, அதாவது பூணூலுக்குரிய பருவத்தை, அவன் அடையவேண்டியிருந்தது. வயதென்பது ஒத்தாரோடு ஒக்க நிற்பது என்ற கொள்கை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் சொல்லப்படவில்லை.

எண் இந்த நாட்டு மக்களின் வாழ்வுக்குள் புகுந்தது மூன்று வாயில்களால்: ஆலை, பள்ளிக்கூடம், அரசாங்க மனு. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் வைக்கலாகாதென்றும், ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ளோர் நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்யலாகாதென்றும் விதித்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் என்று மக்கள் வழங்கிய நூற்பாலை தோன்றி, பின்னர் நகரெங்கும் ஆலைகள் பெருகிய கோயம்புத்தூரில், பிறந்த தேதி அறியாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வயது நிச்சயிக்கும் அதிகாரம் சான்றளிக்கும் மருத்துவரிடம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அந்த அதிகாரம் தலைமையாசிரியருடையது. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லுவார். விரல் எட்டினால் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தது என்று தீர்மானித்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுவார். 'வாத்தியார் போட்ட வயசு' என்றும் 'நெசமான வயசு' என்றும் ஒரே மனிதருக்கு இரண்டு வயது இருப்பது இந்தத் தலைமுறை முதியவர்களிடையே சர்வசாதாரணம். பென்ஷன் ஒன்றின்படியும் சஷ்டியப்தபூர்த்தி மற்றொன்றின்படியும் நடந்தேறும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்து, பிறப்புச் சான்றிதழ் வழக்கமான பிறகே இந்த இரட்டை வயது படிப்படியாக மறையத் தொடங்கியது.

மூன்றாம் வாயிலாகிய அரசாங்க மனுவின் மூலம் உலகமெங்கும் ஒரு வரம்பு பரவிற்று. ஜெர்மனி 1889-இலும் பிரிட்டன் 1908-இலும் இயற்றிய முதியோர் ஓய்வூதியச் சட்டங்கள் எழுபது வயதைத் தகுதியாக வைத்தன. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் தொடங்கியது. 1995-இல் மத்திய அரசின் உதவியும் சேர்ந்தது. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அறுபது நிறைந்த எந்த இந்தியரையும் மூத்த குடிமகன் என்று வரையறுத்தது. இந்தத் தொடர் கொங்கு நாட்டுக் காதில் விழுந்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. இந்நாட்டில் 'குடிமகன்' என்பது நாவிதரைக் குறிக்கும் பழைய பெயர். திருமணத்தில் மணமக்களுக்கு மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையுடையவர் அவரே. எனவே மூத்த குடிமகன் என்ற சொல் ஏட்டில் ஏறியதே தவிர நாவில் ஏறவில்லை. தாலுக்கா அலுவலக வாசலில் நிற்கும் மூதாட்டியைக் கேட்டால் 'ஓஏபி பணத்துக்கு வந்தனுங்க' என்பாளே அன்றி, மூத்த குடிமக்கள் நலத்திட்டம் என்று சொல்லமாட்டாள். பத்திரிகைகளோ சாலை விபத்துச் செய்தியில் அறுபதைத் தொட்ட பெண்ணையெல்லாம் 'மூதாட்டி' ஆக்கிவிடுகின்றன; அவரே தொழிலதிபராகவோ கல்லூரித் தலைவியாகவோ இருந்தால் அந்தப் பெயர் வருவதில்லை. ஆக, பத்திரிகைத் தமிழில் மூதாட்டி என்பது வயதோடு வறுமையையும் சேர்த்துச் சுட்டும் சொல்லாகிவிட்டது.

இதுவரை சொன்னதைக்கொண்டு உறவுச் சொல் உயர்ந்தது, எண் தாழ்ந்தது என்று தீர்ப்பளித்துவிட்டால் அது அரைகுறைத் தீர்ப்பாகும். ஸ்தானத்தால் வயதைச் சொல்லும் சமூகத்தில், ஸ்தானம் மறுக்கப்பட்டவருக்கு மூப்பும் மறுக்கப்பட்டது. பண்ணையத்தில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதிகளின் முதியவர்களை நிலமுடையோர் வீட்டுச் சிறுவர்கள் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தார்கள். நரைத்த தலையோடு நின்ற அம்முதியவர்கள் பத்து வயதுப் பையனைச் 'சின்னப் பண்ணாடி' என்று அழைத்தார்கள். பாட்டி பேரனைக் கொஞ்சும் 'சாமி' என்ற அதே சொல், பண்ணையத்து வாசலில் முதியவர் கைகட்டி நின்று சொல்லும்போது தலைகீழாகிவிட்டது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் வாழ்வைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்க்கு இந்த வழக்கின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. அறுபது என்ற வெறும் எண் அம்முதியவரின் சாதியைக் கேட்பதில்லை. உதவித்தொகைக்கும் மருத்துவமனை வரிசைக்கும் பேருந்து இருக்கைக்கும் அவரைப் பண்ணாடியோடு சமமாக நிறுத்திய முதல் சொல் அந்த எண்ணே. கைம்பெண்ணுக்கும் அவ்வாறே, மங்கலச் சடங்குகளில் அவளுக்கு இடம் இல்லையென்று சொன்ன ஊரில், அவளுடைய பெயரில் தனியே ஓர் உரிமை எழுதப்பட்டது.

எண்ணுக்கும் அதன் குறைகள் உண்டு. அவற்றை எண்ணைக் கண்டுபிடித்த மேல்நாட்டாரே முதலில் உணர்ந்தார்கள். 1909-இல் இக்னாட்ஸ் நாஷர் முதியோர் மருத்துவத்துக்கு 'ஜீரியாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டபோது, முதுமையைத் தனித்த வாழ்க்கைப் பருவமாக மருத்துவர் கருதவேண்டுமென்பது அவர் கருத்து. அறுபதாண்டு கழித்து 1969-இல் ராபர்ட் பட்லர், வயதைக் காட்டி மனிதரைத் தாழ்த்துவதற்கு 'ஏஜிசம்' என்று பெயரிட வேண்டியதாயிற்று. பருவத்துக்குப் பெயர் வந்தால் அப்பெயரைக்கொண்டு ஒதுக்கும் வழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் முதியோர்க்கென்று தனி மருத்துவப் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியால் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் அறுபது கடந்தவர்கள். தமிழ்நாட்டில் அது 10.4. இந்த விகிதம் ஏறிவரும் காலத்தில், மிதமான தட்பவெப்பத்தையும் மருத்துவமனைகளையும் நாடி ஓய்வுபெற்றோர் பலர் வந்து குடியேறும் கோயம்புத்தூரின் புறநகர்களில், முதியோர்க்கென்றே கட்டிய வீட்டுத் தொகுதிகள் பெருகியிருக்கின்றன. அவற்றில் வாழ்வோர்க்கு வசதி உண்டு, பாதுகாப்பு உண்டு, ஒத்த வயதினரின் துணையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து 'அப்பாரு' என்று அழைக்கும் வாய்ப்பு மட்டும் அரிது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, அம்முச்சி என்ற ஸ்தானம் கைப்பேசித் திரையில் வாரத்துக்கு ஒருமுறை நிரம்பி மறைகிறது. உறவுச் சொற்கள் தேய்வதற்குக் காரணம் ஆங்கில மோகம் ஒன்றே என்று கூறுவது மேலோட்டமான நோக்கு. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இல்லாதபோது அவற்றைச் சொல்வதற்கு ஆளில்லை என்பதே மெய்யான காரணம்.

ஆயினும் அந்தச் சொற்களின் ஆற்றல் ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு அண்மைக்கால உதாரணங்கள் இரண்டைச் சொல்லலாம். பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்து, கோவையில் யோகாசனம் கற்பித்து, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டு காலமான நானம்மாளையும், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் இயற்கை வேளாண்மை செய்து, 2021-இல் அவ்விருதுக்குத் தேர்வான பாப்பம்மாளையும் மக்கள் மூத்த குடிமக்கள் என்று சொல்லவில்லை; 'நானம்மாள் பாட்டி', 'பாப்பம்மாள் பாட்டி' என்றார்கள். ஒரு குடும்பத்துக்கு உரிய சொல்லை ஊருக்கெல்லாம் உரியதாக விரித்துக்கொள்ளும் இந்தச் சுபாவம் உள்ளவரையில், உறவுச் சொல் வீட்டை இழந்தாலும் வீதியில் வாழும். அதைச் சாதி பாராமல் எல்லா முதியவர்க்கும் விரிக்கும்போதுதான் அது தன் பழைய பழியிலிருந்து நீங்கும்.

ஆகவே என் துணிபு இது: முதியவரின் உரிமையைச் சொல்ல எண் வேண்டும், முதியவரை அழைக்க உறவுச் சொல் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தால் இரண்டும் கெடும். உறவை நம்பி உரிமையை விட்டால் ஏழையும் ஒடுக்கப்பட்டவரும் மீண்டும் வாசலில் நிற்பார்கள்; எண்ணை நம்பி உறவை விட்டால் எல்லா முதியவரும் ஒரு வரிசை எண்ணாகிவிடுவார்கள். அலுவலகச் சன்னலுக்குள் இருப்பவர் சான்றிதழில் உள்ள வயதைச் சரிபார்த்துக்கொண்டு, எதிரில் நிற்பவர் எவராயிருந்தாலும் 'சொல்லுங்க ஆத்தா', 'வாங்க அப்பாரு' என்று அழைப்பதற்குச் சட்டம் எதுவும் தடையில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் உள்ள கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. எழுதிங்கள்காரி, தலையீத்து, வாத்தியார் போட்ட வயசு ஆகிய சொற்களை இயல்பாக வழங்குவோர் இன்று பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, இச்சொற்களை எல்லாச் சாதியாரின் வழக்கிலிருந்தும் வேறுபாடின்றித் திரட்டி, யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்ற விவரத்தோடு பதிவுசெய்யும் பணியை இனியும் ஒத்திவைக்கலாகாது.